கட்டடம் எழுந்தால் தொழில் எழுமா?
உயிரித் தொழில்நுட்பமும் மாநில அரசுகளும்: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: தரமணியில் டைசல் பயோ பார்க் என்ற உயிரித் தொழில்நுட்பப் பூங்கா வந்து இருபது ஆண்டுகள் ஆகிவிட்டன. ஆனாலும் தடுப்பூசி என்றால் எல்லோரும் ஹைதராபாத்தைத்தான் சொல்கிறார்கள். சென்னை எங்கே கோட்டைவிட்டது?
– வாசகர், தாம்பரம்

பதில்: சென்னை தாமதமாகத் தொடங்கிய ஊர் அல்ல. கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் 1899இல் வந்தது. குன்னூர் பாஸ்டர் நிறுவனம் 1907இல், கிண்டியிலேயே பி.சி.ஜி. தடுப்பூசி ஆய்வகம் 1948இல். தடுப்பூசி தயாரிக்கத் தெரிந்த கைகள் தமிழ்நாட்டில் மூன்று தலைமுறைகளாக இருந்தன. ஆனால் எல்லாமே அரசு நிறுவனங்கள். அங்கே தொழில் கற்றவர்கள் ஓய்வுபெறும்வரை அங்கேயே இருந்தார்கள். வெளியே வந்து சொந்தமாக ஆலை போடும் பழக்கம் உருவாகவில்லை. பழைய கட்டடங்களும் காலத்துக்கேற்பப் புதுப்பிக்கப்படவில்லை. நல்ல உற்பத்தி நடைமுறை விதிகளுக்கு உட்படவில்லை என்று 2008 ஜனவரியில் குன்னூர் பாஸ்டர் நிறுவனம், கிண்டி பி.சி.ஜி. ஆய்வகம் இரண்டின் உரிமங்களும் நிறுத்திவைக்கப்பட்டன. இமாசலப் பிரதேசத்தின் கசௌலி நிறுவனத்துக்கும் அதே கதி. 2010இல்தான் அந்தத் தடை விலகியது.

ஹைதராபாத்தில் நடந்தது வேறு. சோவியத் உதவியோடு 1960களில் அங்கே வந்த ஐ.டி.பி.எல். என்ற பொதுத்துறை மருந்து ஆலை, மருந்து வேதியியல் தெரிந்த ஆட்களைப் பெரும் எண்ணிக்கையில் உருவாக்கியது. அவர்களில் பலர் வெளியேறித் தனி ஆலைகள் தொடங்கினார்கள். 1984இல் டாக்டர் ரெட்டீஸைத் தொடங்கிய அஞ்சி ரெட்டியும் அங்கே வேலை பார்த்தவர்தான். கூடவே சி.சி.எம்.பி. போன்ற மத்திய ஆய்வு நிறுவனங்கள் இருந்தன. வரப்பிரசாத ரெட்டி 1993இல் தொடங்கிய சாந்தா பயோடெக்னிக்ஸ், முதலில் உஸ்மானியா பல்கலைக்கழகத்திலும் பிறகு சி.சி.எம்.பி.யிலும் இடம் வாங்கி வேலை செய்து, 1997இல் ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. ஆந்திர அரசு ‘ஜீனோம் வேலி’ என்ற உயிரித் தொழில் மண்டலத்தை அறிவித்தது அதற்குப் பிறகு, 1999இல்.

இந்த வரிசையைக் கவனியுங்கள். முதலில் ஆட்கள், அடுத்து விற்பனைக்கு வந்த ஒரு பொருள், அதற்கப்புறம்தான் அரசின் பெயர்ப்பலகை. அரசு செய்ததும் சிறிய காரியம் இல்லை: நிலம், சாலை, தண்ணீர் கொடுத்தது, ஐ.சி.ஐ.சி.ஐ. வங்கியோடு சேர்ந்து வாடகைக்கு ஆயத்த ஆய்வகங்கள் கொண்ட பூங்காவை அமைத்தது. 2003 முதல் பயோஏசியா மாநாட்டை விடாமல் நடத்திவருகிறது. ஆட்சி மாறியபோதும், மாநிலமே பிரிந்தபோதும் அந்தத் திட்டத்தை யாரும் மூட்டைகட்டவில்லை. எங்கள் பார்வையில் அதுதான் மிகப்பெரிய பலம்.

பாரத் பயோடெக்கைத் தொடங்கிய கிருஷ்ணா எல்லா நம் திருத்தணிப் பக்கத்துக்காரர். அமெரிக்காவிலிருந்து திரும்பியவர் 1996இல் ஹைதராபாத்தில்தான் நிறுவனம் தொடங்கினார். அதன் ரோட்டாவேக் என்ற, குழந்தைகளின் ரோட்டாவைரஸ் வயிற்றுப்போக்கைத் தடுக்கும் சொட்டுமருந்து டெல்லி, புனே, வேலூர் ஆகிய மூன்று இடங்களில் 6,799 குழந்தைகளிடம் சோதிக்கப்பட்டது. வேலூர் சி.எம்.சி.யின் மருத்துவ ஆய்வுத் திறன் உலகத் தரமானது. அப்படி இருந்தும் சோதனை இங்கே, உற்பத்தி அங்கே. சரிசெய்ய வேண்டிய இடைவெளி இதுதான்.

கேள்வி: நோய் கண்டறியும் ரேபிட் டெஸ்ட் கிட் ஒன்றை உருவாக்கும் எண்ணம் இருக்கிறது. வீட்டு மாடியில் ஒரு சிறிய ஆய்வகம் போட்டுக்கொள்ளலாமா? எங்கிருந்து தொடங்குவது?
– உயிர்வேதியியல் ஆய்வு மாணவி, கோயம்புத்தூர்

பதில்: மாடியில் வேண்டாம். காரணம் ஈரப்பதம். கிட்டின் உள்ளே இருக்கும் நைட்ரோசெல்லுலோஸ் பட்டையும், தங்கத் துகள் பூசிய பஞ்சுத் திண்டும் காற்றின் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். பட்டைகளை ஒட்டி, வெட்டி, உறையிலிடும் அறையில் ஈரப்பதம் 30 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். மழைக்காலத்தில் சாதாரண ஏ.சி. அறையில் 60 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவருவதே கடினம். தனியாக டிஹ்யூமிடிஃபையர் தேவை. ஈரத்தில் அடைத்த கிட் செய்த அன்று அழகாக வேலை செய்யும். மூன்று மாதத்தில் கோடு மங்கும், அல்லது நோயே இல்லாத மாதிரியிலும் கோடு விழும். காரணம் புரியாமல் ஆன்டிபாடியை மாற்றி மாற்றிப் பணத்தைத் தொலைத்தவர்கள் நிறைய.

முதல் வேலை, உங்கள் கிட் எந்த வகுப்பில் வருகிறது என்று பார்ப்பது. மருத்துவச் சாதன விதிகள் 2017இன்படி ஆபத்து கூடும் வரிசையில் ஏ, பி, சி, டி என நான்கு வகுப்புகள். ஏ, பி வகுப்புகளுக்கு உற்பத்தி உரிமம் தருவது மாநில அதிகாரி, விண்ணப்பப் படிவம் எம்.டி.–3, உரிமப் படிவம் எம்.டி.–5. சி, டி வகுப்புகள் டெல்லியில் உள்ள மத்திய அதிகாரியிடம் போகும், விண்ணப்பம் எம்.டி.–7, உரிமம் எம்.டி.–9. எச்.ஐ.வி., ஹெபடைட்டிஸ் பி கிட்கள் டி வகுப்பு. கையில் காசு குறைவாக உள்ளவர், முதல் பொருளாக பி வகுப்பில் ஒன்றைத் தேர்ந்துகொள்வது நல்லது. சோதனைக்காகச் சிறிய அளவில் தயாரிப்பதற்கும் அனுமதி வேண்டும்: எம்.டி.–12இல் விண்ணப்பித்தால் எம்.டி.–13 கிடைக்கும். இதை வாங்காமல் தயாரித்த கிட்களின் முடிவுகளைப் பின்னால் உரிமத்துக்குக் காட்ட முடியாமல் போகலாம்.

இரண்டாவது, பணம். மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறையின் கீழ் 2012இல் அமைந்த, புதிய நிறுவனங்களுக்கு உதவும் பைராக் அமைப்பு, ‘பிக்’ என்ற நல்கையில் 18 மாதங்களுக்கு 50 லட்சம் ரூபாய்வரை தருகிறது. திருப்பிக் கட்ட வேண்டியதில்லை. வழக்கமாக ஜனவரி 1, ஜூலை 1 தேதிகளில் அழைப்பு வரும், தனிநபரும் விண்ணப்பிக்கலாம். ஆய்வேட்டைச் சுருக்கி அனுப்பினால் நிராகரித்துவிடுவார்கள். “ஆறாவது மாதத்தில், இத்தனை மாதிரிகளில், இத்தனை சதவீத நுண்மை (நோய் உள்ளவர்களைத் தவறாமல் கண்டறியும் திறன்)” என்று அளந்து பார்க்கக்கூடிய இலக்குகளாக எழுதுங்கள். தொகை தவணையாக வரும். ஒவ்வொரு இலக்கையும் எட்டினால்தான் அடுத்த தவணை.

மூன்றாவது, இடம். பைராக் உதவியுடன் இயங்கும் பயோநெஸ்ட் இன்குபேட்டர்களில், அதாவது புதிய நிறுவனங்களை வளர்க்கும் மையங்களில், ஒரு மேசையும் பொதுக் கருவிகளும் வாடகைக்குக் கிடைக்கும். சேரும் முன் அங்கே ஏற்கெனவே இருக்கும் இரண்டு நிறுவனங்களிடம் பேசுங்கள். எத்தனை கருவிகள் இருக்கின்றன என்று கேட்காதீர்கள்; கடந்த மாதம் எத்தனை கருவிகள் ஓடின என்று கேளுங்கள்.

நான்காவது, மாதிரிகள். நோயாளிகளின் ரத்தமோ சீரமோ வேண்டுமென்றால் மருத்துவமனையின் நெறிமுறைக் குழு ஒப்புதல் கட்டாயம். குழு கூடுவதற்கே இரண்டு மூன்று மாதங்கள் ஆகலாம் என்பதால் இதை முதல் மாதத்திலேயே தொடங்கிவிடுங்கள். நோய் முற்றியவர்களின் உறைய வைத்த மாதிரிகளை மட்டும் வைத்துச் சோதித்தால் நுண்மை நூறு சதவீதம் என்று காட்டும். ஆரம்ப நிலை நோயாளிகளின் மாதிரியும், வேறு காய்ச்சல் உள்ளவர்களின் மாதிரியும் கட்டாயம் இருக்க வேண்டும்.

கேள்வி: காலியாகக் கிடக்கும் ஐ.டி. கட்டடங்களை ஆய்வகங்களாக மாற்றினால் அரசுக்குச் செலவு மிச்சம்தானே?
– கட்டுமானப் பொறியாளர், சேலம்

பதில்: கணினியில் மரபணுத் தரவை ஆராயும் நிறுவனங்களுக்கு அப்படியே கொடுக்கலாம். திரவமும் நுண்ணுயிரும் கையாளும் ஆய்வகத்துக்கு மாற்றுவது பெரும்பாலும் கட்டுப்படியாகாது.

காற்றை எடுத்துக்கொள்ளுங்கள். அலுவலக ஏ.சி. குளிர்ந்த காற்றைத்தான் திரும்பத் திரும்பச் சுற்றவிடுகிறது. வேதியியல் ஆய்வகத்தில் அது கூடாது. உள்ளே வந்த காற்று வெளியே போய்விட வேண்டும். நச்சுப் புகையை உறிஞ்சி வெளியேற்றும் பெட்டிக்கு ஃபியூம் ஹுட் என்று பெயர். ஒன்றரை மீட்டர் அகல ஹுட்டின் கண்ணாடியை அரை மீட்டர் திறந்து, முகப்பில் வினாடிக்கு அரை மீட்டர் வேகத்தில் காற்றை இழுக்க வேண்டுமென்றால் மணிக்கு 1,350 கன மீட்டர் ஆகிறது. அத்தனையும் சென்னை வெயிலில் குளிரூட்டிய காற்று. பத்து ஹுட் வைத்தால் கட்டடத்தின் மின் இணைப்பே போதாமல் போகலாம். இந்தக் குழாய்கள் மேலே ஓட, தளத்துக்குத் தளம் நாலரை மீட்டர் உயரம் வேண்டும். அலுவலகக் கட்டடத்தில் அவ்வளவு இருக்காது.

மைனஸ் 80 டிகிரி ஃப்ரீசர் ஒன்று நாளொன்றுக்கு 10 முதல் 20 யூனிட் மின்சாரம் இழுக்கும்; அவ்வளவு வெப்பத்தையும் அறைக்குள் கக்கும். ஜெனரேட்டர் தானாகவே உயிர்பெற வேண்டும். ஞாயிற்றுக்கிழமை இரவு மின்சாரம் போனால் யாருடைய கைப்பேசி ஒலிக்கும் என்பதும் முன்பே முடிவாகியிருக்க வேண்டும். கழிவுநீருக்கு அமிலம் தாங்கும் தனிக் குழாய் வேண்டும். அது கழிப்பறைக் குழாயோடு எங்கும் சேரக் கூடாது. இந்த ஒன்றுக்காகவே எல்லாத் தளங்களையும் உடைக்க வேண்டியிருக்கும்.

கேள்வி: செங்கல்பட்டு தடுப்பூசி வளாகம் தயாராக இருந்தும் கொரோனா காலத்தில் அங்கிருந்து ஒரு ஊசிகூட வரவில்லையே! மாநில அரசிடம் கொடுத்திருந்தால் உடனே உற்பத்தி தொடங்கியிருக்குமா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், மதுராந்தகம்

பதில்: உங்கள் கோபம் நியாயமானது. மத்திய அரசின் எச்.எல்.எல். பயோடெக் நிறுவனத்துக்காக 2012இல் 594 கோடி ரூபாய்க்கு ஒப்புதலான திட்டம் அது. 2021 மே மாதம் முதலமைச்சர் ஸ்டாலின் நேரில் பார்வையிட்டு, வளாகத்தை மாநில அரசுக்குக் குத்தகைக்குத் தரும்படி பிரதமருக்குக் கடிதம் எழுதினார். கேட்டது சரியே. ஆனால் சாவி கிடைத்த மறுநாள் ஊசி வந்திருக்காது.

முதலில் விதை வேண்டும்: எந்தத் தடுப்பூசி, அதற்கான வைரஸோ செல்லோ யாரிடமிருந்து, என்ன உடன்படிக்கையில்? செயல்முறையை வைத்திருக்கும் நிறுவனம் தன் ஆட்களை அனுப்பிக் கற்றுத்தராவிட்டால் இயந்திரத்தால் பயனில்லை. அடுத்து, சும்மா கிடந்த ஆலையை மறுபடி தகுதிப்படுத்த வேண்டும். ஊசிமருந்துக்கான நீர் ஓடும் குழாய்களில் நீர் தேங்கினால் உட்சுவரில் நுண்ணுயிர்ப் படலம் படியும். காற்று வடிகட்டிகளில் ஓட்டை இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகச் சோதிக்க வேண்டும்.

பிறகு ‘மீடியா ஃபில்’. மருந்துக்குப் பதில் நுண்ணுயிர் வளரக்கூடிய ஊட்டக் கரைசலைக் குப்பிகளில் நிரப்பி 14 நாள் வைத்துப் பார்ப்பார்கள். தொடர்ந்து மூன்று முறை நடத்த வேண்டும். 5,000 முதல் 10,000 குப்பிகள் நிரப்பியதில் கிருமி வளர்ந்து ஒன்று கலங்கினால் விசாரணை. இரண்டு கலங்கினால் எல்லாம் முதலிலிருந்து. பெரும்பாலும் பிழை இயந்திரத்தில் இருக்காது. உடை மாற்றும் அறையிலோ, நிரப்பும்போது குறுக்கே நீண்ட கையிலோ இருக்கும். அப்புறம் மூன்று தொடர் உற்பத்தித் தொகுதிகள் (பேட்ச்), கசௌலி மத்திய ஆய்வகத்தின் சோதனை, 27–டி விண்ணப்பம், மாநில அதிகாரியும் மத்திய அதிகாரியும் சேர்ந்து தரும் 28–டி உரிமம். எல்லாம் ஒழுங்காக நடந்தாலும் ஓராண்டுக்கு மேலாகும். அதனால்தான் இப்படிப்பட்ட ஆலையை நோய் இல்லாத காலத்தில், வழக்கமான குழந்தைகள் தடுப்பூசியாவது தயாரித்து ஓடவிட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அதற்கு அரசின் நீண்டகாலக் கொள்முதல் ஒப்பந்தம் வேண்டும். ஒப்பந்தம் இல்லாமல் ஆலை மட்டும் கட்டியதுதான் தவறு.

கேள்வி: உலகப் புகழ்பெற்ற ஆய்வு நிறுவனம் ஒன்றைப் பெரிய தொகை கொடுத்து அழைத்துவந்தால், அதைச் சுற்றித் தொழில் தானாக வளராதா?
– வாசகர், திருச்சி

பதில்: அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலம் இதைச் செய்து பார்த்துவிட்டது. 2003இல் ஆளுநர் ஜெப் புஷ், கலிஃபோர்னியாவின் ஸ்கிரிப்ஸ் ஆய்வு நிறுவனத்துக்கு 310 மில்லியன் டாலர் கொடுத்துக் கிளை திறக்கவைத்தார். அதைப் பார்த்து வேறு சில நிறுவனங்களையும் அழைத்தார்கள். ஸ்கிரிப்ஸில் நல்ல ஆய்வு நடந்தது. ஆனால் எதிர்பார்த்த அளவு தொழில் சேரவில்லை. போர்ட் செயின்ட் லூசியில் வந்த தடுப்பூசி ஆய்வு நிறுவனம் 2015இல் மூடிக்கொண்டது. ஆர்லாண்டோவுக்கு வந்த பர்ன்ஹாம் ஆய்வு நிறுவனம் வெளியேறியது. ஸ்கிரிப்ஸ் ஃபுளோரிடாவும் 2022இல் ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தோடு இணைந்துவிட்டது. ஆய்வு நிறுவனம் கட்டுரையும் காப்புரிமையும் தரும். அதை வாங்கி மருந்தாக்கும் மேலாளரும், எட்டுப் பத்து ஆண்டுகள் காத்திருக்கும் முதலீட்டாளரும் பக்கத்தில் இல்லையென்றால் காப்புரிமை பாஸ்டனுக்கோ சான் டியாகோவுக்கோ போய்விடும்.

வட கரோலினா இன்னொரு வழியில் போனது. 1984இல் மாநில அரசே உயிரித் தொழில்நுட்ப மையம் ஒன்றைத் தொடங்கியது. ஆடம்பரமான அறிவிப்பு இல்லாமல், சிறு கடன், பல்கலைக்கழகக் கருவிகள், சமுதாயக் கல்லூரிகளில் ஆலைப் பணியாளர் பயிற்சி என்று பல பத்தாண்டுகள் தொடர்ந்து செய்தது. புகையிலை நிறுவனங்களிடம் கிடைத்த இழப்பீட்டுப் பணத்தின் உதவியோடு, உண்மையான ஆலை போன்ற பயிற்சிக்கூடம் ஒன்றை மாநிலப் பல்கலைக்கழகத்தில் 2007இல் திறந்தார்கள். நாம் படிக்க வேண்டிய பாடம் இது.

கேள்வி: என் மகன் பி.டெக். பயோடெக் முடித்து இரண்டு ஆண்டுகளாக வேலை இல்லாமல் இருக்கிறான். நிறுவனங்களோ ஆள் கிடைக்கவில்லை என்கின்றன. எது உண்மை?
– இல்லத்தரசி, விருதுநகர்

பதில்: இரண்டும் உண்மை, அம்மா. கல்லூரியில் மரபணுவை வெட்டி ஒட்டுவதைப் படிக்கிறார்கள். ஆலைக்கு வேண்டியது வேறு: தூய அறைக்குள் கிருமியில்லா உடை அணிந்து நுழையும் முறை, மருந்தில் என்னென்ன எவ்வளவு இருக்கிறது என்று பிரித்து அளக்கும் எச்.பி.எல்.சி. கருவியை ஓட்டிக் கோளாறு வந்தால் காரணம் கண்டுபிடிப்பது, தொகுதிப் பதிவேட்டைச் செய்த கணத்திலேயே எழுதுவது. எழுத்து தவறினால் ஒற்றைக் கோடு போட்டு, கையெழுத்தும் தேதியும் இட வேண்டும். வெள்ளை மை தடவிய ஒரு பக்கம் போதும், ஆய்வுக்கு வந்த அதிகாரி தொகுதி முழுவதையும் சந்தேகிப்பார். இவற்றைக் கற்றுத்தரக் கல்லூரிகளில் வசதி மிகக் குறைவு.

மகனை இன்னொரு பட்டத்துக்கு அனுப்பாதீர்கள். தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் பயிற்சியாளராகச் சேரச் சொல்லுங்கள். ஊதியம் முதலாண்டு குறைவாகத்தான் இருக்கும். எச்.பி.எல்.சி., நுண்ணுயிரியல் சோதனை இரண்டில் ஒன்றைக் கைவசமாக்கிக்கொண்டால் மூன்றாம் ஆண்டில் அவனைத் தேடி அழைப்பு வரும். மாநில அரசு ஒவ்வொரு மண்டலத்திலும் 50 லிட்டர் ஃபெர்மென்டரும் (நுண்ணுயிர் வளர்க்கும் தொட்டி) ஒரு சிறிய தூய அறையும் கொண்ட பயிற்சிக்கூடம் அமைப்பது, புதிய பூங்காவைவிட அவசரமான வேலை என்று நாங்கள் நினைக்கிறோம்.

கேள்வி: சோதனைக் குடுவையில் நன்றாக வரும் என்சைம், பெரிய தொட்டியில் பாதிகூட வருவதில்லை. ஏன்?
– சிறுதொழில் முனைவோர், ஓசூர்

பதில்: வெப்பமும் ஆக்சிஜனும். 10 லிட்டரிலிருந்து 1,000 லிட்டருக்கு அதே வடிவத்தில் போனால் கொள்ளளவு 100 மடங்கு. குளிர்விக்கும் சுவரின் பரப்போ சுமார் 21 மடங்குதான். நுண்ணுயிர் கிளப்பும் சூடு வெளியேற வழியில்லாமல் தொட்டி 37 டிகிரியைத் தாண்டுகிறது. காற்றுக் குமிழும் எல்லா மூலைக்கும் போய்ச் சேர்வதில்லை. உள்ளே குளிர்ச்சுருள் வையுங்கள், சர்க்கரையை ஒரேயடியாகக் கொட்டாமல் சொட்டுச் சொட்டாக ஊட்டுங்கள். நடுவில் 100 லிட்டரில் ஒருமுறை ஓட்டிப் பார்க்காமல் போகவே போகாதீர்கள்.

கேள்வி: மாநிலக் கொள்கைகளில் இவ்வளவு மானியம் அறிவித்தும் புதிய நிறுவனங்கள் ஏன் பயன்படுத்துவதில்லை?
– கணக்காளர், ஈரோடு

பதில்: பெரும்பாலான தொழில் மானியங்கள், முதலில் உங்கள் பணத்தைப் போட்டு உற்பத்தியைத் தொடங்குங்கள், பிறகு திருப்பித் தருகிறோம் என்ற வகை. ஜி.எஸ்.டி. திரும்பக் கிடைக்க வேண்டுமென்றால் முதலில் விற்க வேண்டும். நூற்பாலைக்கு இது பொருந்தும். பயோசிமிலர், அதாவது ஏற்கெனவே உள்ள உயிரி மருந்துக்கு நிகரான மருந்து, விற்பனைக்கு வரவே ஐந்து முதல் எட்டு ஆண்டுகள் ஆகும்போது, கொள்கையின் காலமே அதற்குள் முடிந்துவிடும். மாசசூசெட்ஸ் மாநிலம் 2008இல் பத்தாண்டுகளுக்கு 100 கோடி டாலர் ஒதுக்கியபோது இதற்கு வழி வைத்தது: லாபம் இல்லாததால் கழித்துக்கொள்ள முடியாத ஆராய்ச்சி வரிச்சலுகையில் 90 சதவீதத்தை ரொக்கமாகத் தரலாம் என்றது. வாக்களித்த வேலைகளைத் தராத நிறுவனங்களிடமிருந்து சலுகையைத் திரும்பப் பெறவும் விதி இருந்தது.

கேள்வி: எங்கள் ஊருக்கு அருகே உயிரியல் ஆய்வகம் வரப்போவதாகச் சொல்கிறார்கள். கிருமி பரவுமா? ஊராட்சியில் நாங்கள் என்ன கேட்க வேண்டும்?
– ஊராட்சி உறுப்பினர், காஞ்சிபுரம் மாவட்டம்

பதில்: ஒழுங்காக நடக்கும் ஆய்வகத்தால் ஆபத்து மிகக் குறைவு. ஒழுங்காக நடக்கிறதா என்பதை அறிய நாலு கேள்விகள் போதும். மரபணு மாற்றிய உயிர்களைக் கையாள்கிறார்களா; ஆம் என்றால், மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறையின் பிரதிநிதி அடங்கிய உயிரிப் பாதுகாப்புக் குழு பதிவாகி இருக்கிறதா? மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் நிறுவுவதற்கான இசைவாணை, இயக்குவதற்கான இசைவாணை இரண்டும் இருக்கின்றனவா? முதலாவது மட்டும் வாங்கிவிட்டு ஓட்டத் தொடங்குவது அடிக்கடி நடக்கும் மீறல். கிருமிக் கழிவை வெளியே அனுப்பும் முன் ஆட்டோகிளேவில் 121 டிகிரி செல்சியஸில் 60 நிமிடம் வைக்கிறார்களா, அது வேலை செய்கிறதா என்று, வெப்பத்தை எளிதில் தாங்கும் வித்துப் பாக்டீரியாவை உள்ளே வைத்துச் சோதனை நடத்தி எழுதிவைக்கிறார்களா? மஞ்சள் பையில் கட்டிய கழிவை 48 மணி நேரத்துக்குள் எடுத்துப்போக எந்தப் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தோடு ஒப்பந்தம்? இந்த நான்குக்கும் தாள் நகல் கேளுங்கள். வாய்மொழிப் பதிலை ஏற்காதீர்கள். கழிவுநீர் வெளியேறும் இடத்துக்கு ஆண்டுக்கு இருமுறை ஊராட்சிப் பிரதிநிதிகளை அழைத்துக் காட்ட வேண்டும் என்பதையும் தீர்மானத்தில் சேர்த்துவிடுங்கள்.